பயிலரங்கும் நடத்தினோம், கருவிகளும் வந்தன, வகுப்பு மாறவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: தகடூர்க் கணினி

வணக்கம். தருமபுரி மாவட்டத்தில் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் கணினி அறிவியல் உதவிப் பேராசிரியராகப் பணிபுரிகிறேன். கணினி தெரிந்தவள் என்ற ஒரே தகுதியை வைத்து, மற்றத் துறை ஆசிரியர்கள் வகுப்பில் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்த உதவும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். பதினொரு வகுப்பறைகளில் ஸ்மார்ட் போர்டு பொருத்தி ஓராண்டு ஆகிறது. கோடை விடுமுறை முடிந்து கல்லூரி திறந்த வாரத்தில் இரண்டு நாள் பயிலரங்கு நடத்தினோம். கூகுள் கிளாஸ்ரூம், கூகுள் ஃபார்ம், மூடுல், வீடியோ பதிவு, ஸ்வயம் தளத்தில் பாடம் தேடுவது என்று எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் அந்த இரண்டு நாளில் திணித்தேன். நாற்பதுக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். கருத்துப் படிவத்தில் எல்லோரும் "மிகவும் பயனுள்ளது" என்று டிக் செய்தார்கள். சான்றிதழும் குழுப் புகைப்படமும், கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் அமைப்புக்கான கோப்பில் சேர்ந்துவிட்டன.

மூன்று மாதம் கழித்து, எனக்குப் பாடவேளை இல்லாத நேரங்களில் வராந்தாவில் நடந்து பார்த்தேன். பாதி அறைகளில் போர்டு அணைந்தே கிடக்கிறது. மீதி அறைகளில் ஆசிரியர் ஆங்கில ஸ்லைடை வரி விடாமல் வாசிக்கிறார், மாணவர்கள் அதை வரி விடாமல் நோட்டில் எழுதுகிறார்கள். முன்பு ஆசிரியர் சொல்லச் சொல்ல எழுதியவர்கள் இப்போது சுவரைப் பார்த்து எழுதுகிறார்கள் என்பதைத் தவிர வேறு மாற்றம் எனக்குத் தெரியவில்லை. என்னிடம் உதவி கேட்டு வருபவர்களும் கேபிள் வேலை செய்யவில்லை, எழுத்துரு கட்டம் கட்டமாகத் தெரிகிறது என்று சொல்லத்தான் வருகிறார்கள். பாடம் நடத்துவது பற்றி ஒருவரும் கேட்டதில்லை.

எங்கள் மாணவர்களில் பெரும்பாலோர் தமிழ் வழியில் படித்து வந்தவர்கள். பலர் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வருபவர்கள். கௌரவ விரிவுரையாளர்களுக்குத் தயாரிப்பு நேரம் என்று தனியாக எதுவும் இல்லை. இந்த நிலையில் அடுத்த பருவத்திற்கு இன்னொரு பயிலரங்கு நடத்தச் சொல்கிறார்கள். அதையே திரும்பச் செய்ய மனம் ஒப்பவில்லை. வேறு வழியில் முயன்று பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

பதில் 1: கிருஷ்ணகிரி இயற்பியல்

வணக்கம் அம்மா. நீங்கள் எழுதியிருப்பதை எங்கள் கல்லூரியின் பெயரைப் போட்டு வெளியிட்டாலும் ஒரு சொல்லும் மாற்ற வேண்டியிருக்காது. நானும் இரண்டு பயிலரங்குகள் நடத்தி ஓய்ந்த பிறகுதான், கேள்வியைத் தவறான முனையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தோம் என்று புரிந்தது. "உங்களுக்கு எந்தக் கருவி கற்றுக்கொள்ள வேண்டும்?" என்று கேட்டால் ஆசிரியருக்குப் பதில் இருக்காது. "உங்கள் தாளில் ஆண்டுதோறும் மாணவர்கள் வழுக்கி விழும் இடம் எது?" என்று கேட்டுப் பாருங்கள். தேநீர் ஆறும் வரை பேசுவார்கள். அந்த ஒரு பாடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அவருடன் உட்காருங்கள். கருவி வேண்டுமா, வேண்டுமானால் எது என்பது அதற்குப் பிறகு வரட்டும்.

என் வகுப்பில் அந்த இடம் நியூட்டனின் மூன்றாம் விதி. விதியைப் பிழையில்லாமல் ஒப்பிப்பார்கள். ஆனால் "தொப்பூர் கணவாயில் இறங்கும் லாரி ஒரு மொபெட்டில் மோதினால், மோதும் கணத்தில் எதன் மீது அதிக விசை?" என்று கேட்டால் வகுப்பு முழுவதும் மொபெட் என்று சொல்லும். தினமும் அந்தச் சாலையைக் கடந்து வருகிறவர்கள். கண்ணால் கண்ட சேதத்தை வைத்துச் சொல்கிறார்கள். இரண்டின் மீதும் விசை சமம், நிறை குறைந்ததற்கு முடுக்கம் அதிகம் என்று நான் எத்தனை முறை கரும்பலகையில் எழுதினாலும் அது தேர்வுத்தாளோடு நின்றுவிடும்.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1990களின் தொடக்கத்திலிருந்து கையாளும் முறையைப் பின்பற்றினேன். கேள்வியைத் திரையில் போட்டு, ஒரு நிமிடம் பேசாமல் யோசிக்கச் சொல்லி, ஒவ்வொருவரையும் ஒரு விடையைத் தேர்ந்தெடுக்க வைக்க வேண்டும். சரியாகச் சொன்னவர்கள் ஏறத்தாழ 30 முதல் 70 விழுக்காட்டுக்குள் இருந்தால், பக்கத்தில் இருப்பவரிடம் வாதாடச் சொல்லி மறுபடியும் வாக்கெடுப்பு நடத்த வேண்டும். அதற்கும் கீழே இருந்தால் பாடத்தைத் திரும்ப நடத்த வேண்டும். மேலே இருந்தால் சுருக்கமாக விளக்கிவிட்டு அடுத்ததற்குப் போகலாம். என் லாரிக் கேள்விக்கு முதல் முறை சரியான விடை சொன்னவர்கள் மிகச் சிலர் என்பதால் வாதத்திற்கே இடமில்லாமல் போயிற்று. இரண்டு சுருள்வில் தராசுகளை எதிரெதிராகக் கோத்து இழுத்துக் காட்டிவிட்டு மறுபடியும் கேட்டபோதுதான் வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. அன்று எழுந்த சத்தத்தைக் கேட்டு அடுத்த அறை ஆசிரியர் எட்டிப் பார்த்தார்.

இதற்குத் தொழில்நுட்பம் எங்கே என்று கேட்பீர்கள். முதலில் விரல்களை நெஞ்சருகே வைத்துக் காட்டச் சொன்னேன். 62 பேரின் விரல்களை எண்ண முடியவில்லை. பக்கத்தவரைப் பார்த்து விரலை மாற்றுகிறவர்களும் இருந்தார்கள். ஆகவே பிளிக்கர்ஸ் அட்டைக்கு மாறினேன். மாணவருக்குக் கைபேசி தேவையில்லை. ஒவ்வொருவரிடமும் சதுரக் குறியீடு அச்சிட்ட ஒரு காகித அட்டை இருக்கும். எந்தப் பக்கம் மேலே வரும்படி பிடிக்கிறாரோ அதுவே அவர் விடை. ஆசிரியரின் கைபேசி கேமராவை வகுப்பின் மேல் ஒரு முறை ஓட்டினால் எண்ணிக்கை அந்தக் கைபேசியின் திரையில் வந்துவிடும். ஆசிரியரின் கைபேசியில் மட்டும் இணையம் இருந்தால் போதும்.

கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் சிமுலேஷன்களும், அதாவது திரையிலேயே செய்து பார்க்கும் சோதனைகளும், எங்களுக்கு உதவுகின்றன. இலவசம்தான். புதிய வடிவத்தில் உள்ளவற்றைக் கோப்பாகத் தரவிறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலும் உலாவியில் ஓடும். மின்சுற்றுப் பாடத்திற்கு எங்கள் துறையில் இப்போது எல்லோரும் அதைத்தான் திறக்கிறார்கள்.

நான் செய்த ஒரு தவற்றையும் சொல்லிவிடுகிறேன். வேறு துறை அம்மையார் ஒருவருக்கு ஆர்வத்தில் ஒரு பருவத்துக்கான கேள்விகள் அனைத்தையும் நானே தயாரித்துக் கொடுத்தேன். அந்தப் பருவம் அருமையாக நடந்தது. அடுத்த பருவம் எனக்கு நேரமில்லை, அவர் நிறுத்திவிட்டார். அவர் கையால் ஒரே ஒரு கேள்வி எழுதியிருந்தால்கூட அது நீடித்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

பதில் 2: ஓய்வுபெற்ற தமிழாசிரியன்

முப்பது ஆண்டுகளுக்கு மேல் சுண்ணக்கட்டியோடு வாழ்ந்தவன் நான். அதற்காக ஒரு சொல் பரிந்து பேச அனுமதியுங்கள். கரும்பலகையில் ஆசிரியர் எழுதும் வேகமும் மாணவர் சிந்திக்கும் வேகமும் ஏறத்தாழ ஒன்று. ஒரு செய்யுளைச் சீர் பிரித்து எழுதும்போது, எந்த இடத்தில் நான் தயங்குகிறேன், எதை அழித்து மாற்றுகிறேன் என்பதை அவன் பார்க்கிறான். ஸ்லைடில் எல்லாம் முடிந்த பொருளாக ஒரே நொடியில் வந்து விழுகிறது. ஆகவே உங்கள் ஆசிரியர்கள் சிலர் போர்டை அணைத்து வைத்திருப்பதைச் சோம்பல் என்று மட்டும் எண்ணிவிட வேண்டாம், அம்மா. சிலர் தெரிந்தேதான் அணைத்திருப்பார்கள்.

ஆனால் சுண்ணக்கட்டி தோற்ற இடமும் உண்டு. நம் மாவட்டத்தில் நடுகற்களுக்குக் குறைவில்லை. தருமபுரி அரசு அருங்காட்சியகத்திலேயே பல உள்ளன. அவற்றில் பொறித்திருக்கும் பழைய வட்டெழுத்தைப் பலகையில் வரைந்து காட்டி நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பணியின் கடைசி ஆண்டுகளில் ஒரு மாணவன், வெளிச்சம் குறைந்த நேரத்தில் கல்லின் பக்கவாட்டிலிருந்து ஒரு கைபேசி விளக்கைச் சாய்த்து அடித்து, இன்னொரு கைபேசியில் படம் எடுத்து வந்தான். நேர் வெளிச்சத்தில் தேய்ந்து மறைந்திருந்த கீறல்கள் நிழல் விழுந்ததும் எழுத்தாக எழுந்து நின்றன. அதைத் திரையில் பெரிதாக்கி வகுப்பே கூடி எழுத்துக் கூட்டிப் படித்தது. அன்று ஒருவரும் நோட்டில் எதையும் பார்த்து எழுதவில்லை.

எழுத்துரு கட்டம் கட்டமாகத் தெரிவதைப் பற்றி ஒரு குறிப்பு. எங்கள் துறையினர் பழைய கோப்புகளைப் பாமினியிலும் வானவில்லிலும் தட்டச்சு செய்தவர்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பொருளற்ற குறிகள்தான் வரும். வகுப்பின் நடுவில் அது ஒரு முறை நேர்ந்தால் போதும், அந்த ஆசிரியர் மறுபடியும் போர்டைத் தொடமாட்டார். தனி எழுத்துருவை நம்பியிராத யூனிகோடு குறியீட்டு முறையைத் தமிழ்நாடு அரசு 2010ஆம் ஆண்டிலேயே தரமாக ஏற்றுவிட்டது. என்.ஹெச்.எம். கன்வெர்ட்டர் போன்ற இலவச மென்பொருள் பழைய கோப்புகளை மாற்றித் தரும். அவசரத்துக்கு, தட்டச்சு செய்த கணினியிலேயே பி.டி.எஃப். ஆக்கிக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஒரு மாலை நேரம் எங்கள் போன்றவர்களோடு உட்கார்ந்து இதைச் செய்து கொடுத்தால், பத்துப் பயிலரங்குகளில் கிடைக்காத நம்பிக்கை உங்கள் மீது பிறக்கும்.

பதில் 3: அஞ்செட்டி மாணவி

ஆசிரியர்கள் பேசும் இடத்தில் நான் எழுதலாமா என்று தெரியவில்லை. முதுநிலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் பக்கம் இருந்தும் ஒரு செய்தியைச் சொல்ல விரும்புகிறேன். வாட்ஸ்ஆப் குழுவில் 40 எம்.பி. அளவுள்ள கோப்பை இரவில் அனுப்பிவிட்டு, காலையில் "எல்லோரும் படித்தீர்களா?" என்று கேட்பார்கள். எங்கள் ஊரில் சிக்னலுக்காக ஏரிக்கரை மேட்டுக்கு ஏற வேண்டும். கைபேசியோ, என் தம்பியும் நானும் பகிர்ந்துகொள்வது. பேருந்து ஓசூர்ச் சாலையைத் தொட்ட பிறகுதான் கோப்பு இறங்கத் தொடங்கும். படித்தேன் என்று சொல்லிவிட்டு உள்ளுக்குள் பயந்துகொண்டு உட்கார்ந்திருப்பேன்.

ஒரே ஒரு ஆசிரியை மட்டும் வேறு விதமாகச் செய்தார். பாடம் முடிந்த அன்று மாலை, அதன் கடினமான பகுதியைத் தமிழில் ஏழெட்டு நிமிடம் பேசி, குரல் பதிவாக மட்டும் அனுப்புவார். அது சில எம்.பி.தான், உடனே இறங்கிவிடும். ஆங்கிலக் கலைச்சொல்லை முதலில் சொல்லி, அதன் பொருளைத் தமிழில் விளக்கி, மறுபடியும் ஆங்கிலத்திலேயே ஒரு முறை சொல்வார். பேருந்தில் காதில் மாட்டிக்கொண்டு நாங்கள் நான்கு பேர் மாற்றி மாற்றிக் கேட்போம். அவர் ஸ்மார்ட் போர்டைப் பயன்படுத்தி நான் பார்த்ததே இல்லை.

பதில் 4: வேதியியல், பாலக்கோடு

மாணவி எழுதியதை எங்கள் துறைக் குழுவில் அப்படியே பகிர்ந்திருக்கிறேன். மன்னிக்கவும், கேட்காமல் செய்துவிட்டேன்.

கேள்வி கேட்ட அம்மையாருக்கு ஒரு பாடத்தை மட்டும் விவரிக்கிறேன். நம் மாவட்டத்து நிலத்தடி நீரில் ஃபுளூரைடு மிகுதி என்பதும், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஃபுளூரைடு பாதிப்பைக் குறைக்கும் நோக்கத்தையும் கொண்டது என்பதும் ஊரறிந்தவை. குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500, லிட்டருக்கு 1.0 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீராதாரம் இல்லாதபோது 1.5 வரை அனுமதிக்கலாம் என்றும் சொல்கிறது. இதை ஸ்லைடாகப் போட்டால் இரண்டு எண்கள். நோட்டில் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

நாங்கள் ஒவ்வொரு மாணவரையும் தம் வீட்டுக்கு அருகில் உள்ள ஆழ்துளைக் கிணற்று நீரைப் பிளாஸ்டிக் புட்டியில் கொண்டுவரச் சொன்னோம். சிர்கோனியமும் ஸ்பேண்ட்ஸ் சாயமும் சேர்ந்த சிவப்புக் கரைசலில் ஃபுளூரைடு சேர்ந்தால் நிறம் வெளுக்கும். எவ்வளவு வெளுக்கிறது என்பதை 570 நானோமீட்டரில் அளந்து செறிவைக் கணக்கிடலாம். இந்தச் செய்முறை பழையதுதான். புதிதாக நாங்கள் சேர்த்தது ஒரு பொது விரிதாள் மட்டும். மேசைக்கு ஒரு கைபேசி. ஊர், கிணற்றின் ஆழம், அளவீடு ஆகியவற்றை மாணவர்கள் பதிவிடப் பதிவிட, திரையில் புள்ளிகள் ஒவ்வொன்றாக முளைக்கும். 1.5 என்ற கோட்டுக்கு மேலே தன் ஊரின் புள்ளி ஏறும்போது, அதைப் பதிவிட்ட பெண் எழுந்து நின்று, "ஐயா, என் பாட்டியின் பல்லில் இருக்கும் கறை இதனால்தானா?" என்று கேட்டாள். பிழை, திட்ட விலக்கம், ஒரே மாதிரியை ஏன் மூன்று முறை அளக்க வேண்டும் என்பவையெல்லாம் அன்று அவர்களே கேட்டு வந்தவை.

ஓர் எச்சரிக்கை: மாணவர் அளவீட்டை ஊருக்குள் அறிவிப்பாகப் பரப்பிவிடக் கூடாது. உயர்ந்து வந்த மாதிரிகளைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் சரிபார்த்த பிறகே பேச வேண்டும் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டோம்.

விரிதாள் அமைக்க எங்களுக்கு உதவியவர் கணினித் துறைக்காரர். அவர் செய்த பெரிய உதவி, முதல் நாள் ஆய்வகத்தில் மூன்று மணி நேரமும் எங்களோடு நின்றதுதான். இரண்டு முறை இணையம் அறுந்தது. தம் கைபேசி ஹாட்ஸ்பாட்டைப் போட்டுக் கொடுத்தார். அவர் இல்லாதிருந்தால் முதல் அறுபடலிலேயே நான் காகிதத்துக்குத் திரும்பியிருப்பேன்.

கேள்வி கேட்டவரின் பதில்: தகடூர்க் கணினி

எல்லோருக்கும் நன்றி. தமிழாசிரியர் ஐயா சொன்னபடி அணைந்து கிடக்கும் போர்டுகளைப் பார்த்து இனி மனம் நொந்துகொள்ள மாட்டேன். முதல்வரிடம் பேசினேன். இரண்டு நாள் பயிலரங்குக்குப் பதிலாக, விருப்பமுள்ள நான்கு ஆசிரியர்களோடு ஆளுக்கு ஒரு பாடம் என்று பருவம் முழுவதும் வேலை செய்ய அனுமதி கேட்டேன். நாக் கோப்புக்கு என்ன காட்டுவது என்று கேட்டார். நான்கு பாடங்களின் முன்பின் மாணவர் விடைகளைக் காட்டலாம் என்றேன். அரை மனதோடு ஒப்புக்கொண்டிருக்கிறார்.

முதலில் முன்வந்தவர் பொருளியல் துறை அம்மையார். அவர் மாணவர்கள் வழுக்கும் இடம் தேவை நெகிழ்ச்சி, அதாவது விலை மாறும்போது தேவை எவ்வளவு மாறும் என்பது. போச்சம்பள்ளிச் சந்தையின் மாங்காய் விலையையும் உப்பு விலையையும் வைத்துக் கேள்வி எழுதலாம் என்று அவரே சொன்னார். முதல் கேள்வியை அவர்தான் எழுதுகிறார், நான் தொடவில்லை. தமிழ்த்துறையின் பழைய கோப்புகளை மாற்ற வியாழக்கிழமை மாலை மூன்று பேர் வருகிறார்கள்.

ஓர் ஐயம் மட்டும் கிருஷ்ணகிரி ஐயாவிடம்: பிளிக்கர்ஸ் அட்டைகளைச் சாதாரணத் தாளில் அச்சிட்டால் கடைசி வரிசையிலிருந்து கேமரா படிக்கிறதா, தடித்த அட்டையே வேண்டுமா? எங்கள் அறைகளில் ஜன்னல் பக்கம் வெயில் நேராக அடிக்கும்.

பதில்: கிருஷ்ணகிரி இயற்பியல்

சாதாரணத் தாளை நோட்டு அட்டையின் பின்புறம் ஒட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். மறக்காமல் கொண்டுவருவார்கள், தாளும் வளையாது. லேமினேஷன் மட்டும் செய்துவிடாதீர்கள், வெயில் பட்டுப் பளபளத்தால் கேமரா திணறுகிறது. நாங்கள் அறுபது அட்டைக்குக் காசு கொடுத்து லேமினேட் செய்த பிறகுதான் தெரிந்துகொண்டோம்.