உஷா உதுப் பாட வந்த கதை: கனத்த குரல் உள்ள என் மகளுக்காகக் கேட்கிறேன்

திருச்சி_மலர் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். என் மகளுக்குப் பதிமூணு வயசு. கனத்த குரல். போன்ல பேசினா "தம்பி, அம்மாகிட்ட குடு"ன்னு சொல்றவங்க உண்டு. பாட்டுன்னா அவளுக்கு உயிர். ஆனா இந்த வருஷம் ஆண்டு விழாப் பாட்டுக் குழுவுல இருந்து பள்ளியில நிறுத்திட்டாங்க. "மத்தவங்க குரலோட சேரலை, தனியாத் தெரியுது"ன்னு காரணம் சொன்னாங்களாம். அன்னையில இருந்து வீட்டுல ஒரு வரி முணுமுணுக்கறது கூட இல்ல.

"உஷா உதுப்பையும் பள்ளிக்கூடத்துல இப்படித்தான் வெளியே அனுப்பினாங்களாம்"னு என் மாமியார் சொன்னாங்க. எனக்கு அவங்களோட ஹிந்தி டிஸ்கோ பாட்டு ரெண்டு மூணும், 'அஞ்சலி' படத்துல இளையராஜா இசையில பாடினதும்தான் தெரியும். உண்மையிலேயே அப்படி நடந்ததா? முறையா சங்கீதம் கத்துக்கிட்டவங்களா? முதல் வாய்ப்பு எங்க கிடைச்சது? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க. "நீயும் பெரிய ஆளா வருவே"ன்னு பொத்தாம் பொதுவாச் சொன்னா அவ நம்ப மாட்டா. நடந்ததை நடந்தபடி சொல்லணும்.

பைகுல்லா_ரமணி:

நடந்தது உண்மைதான், சகோதரி. உஷா 1947இல் பிறந்தவர், தமிழ்க் குடும்பம். அப்பா பம்பாய் காவல்துறையில் அதிகாரி. பைகுல்லாவில் செயின்ட் ஆக்னஸ் பள்ளியில் படித்தார். இந்தக் குரல் மற்றவர்களோடு பொருந்தவில்லை என்று பாட்டு வகுப்பிலிருந்து வெளியே அனுப்பப்பட்டார். ஆனால் இந்தப் பெண்ணுக்குள் இசை இருக்கிறது என்பது அதே ஆசிரியைக்குத் தெரிந்திருந்தது. அதனால் தாளம் தட்டும் கட்டைகளையும் ட்ரையாங்கிளையும் கையில் கொடுத்து வாசிக்க வைத்திருக்கிறார். உங்கள் மகளிடம் இந்தப் பாதியையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

முறையான சங்கீதப் பயிற்சி கிடையாது. வீட்டில் ரேடியோ ஓயாது. மேற்கத்திய சாஸ்திரிய இசையும் ஓடும், ஹிந்துஸ்தானி பாடகர் படே குலாம் அலி கானும் ஓடும். அக்காமார்கள் ஏற்கெனவே மேடைப் பாடகிகள். பக்கத்து வீட்டில் இன்னொரு போலீஸ் அதிகாரியின் குடும்பம், பதான்கள். அந்த வீட்டுப் பெண்தான் இவரை ஹிந்தி கற்றுக்கொள்ளத் தூண்டியவர். பம்பாயில் அந்த மாதிரிக் குடியிருப்புகளில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும், நாலு மொழி காதில் விழாமல் ஒரு நாள் போகாது. ஒன்பது வயதில் ரேடியோ சிலோன் நிகழ்ச்சியில் பாடினார். வானொலி அறிவிப்பாளர்களான சயானி சகோதரர்கள் மூலம் வந்த வாய்ப்பு அது.

மதுரை_வசந்தி:

மலர், நான் மதுரைப் பக்கம் லைட் மியூசிக் ட்ரூப்ல பாடினவ. எனக்கும் கீழ்க்குரல்தான். கோயில் திருவிழாவோ கல்யாண ரிசப்ஷனோ, சுசீலாம்மா, ஜானகியம்மா பாட்டெல்லாம் இன்னொரு பொண்ணுக்குப் போயிடும். எல்.ஆர். ஈஸ்வரி, உஷா உதுப் பாட்டு எனக்கு வரும். அதனால உஷாம்மாவோட பேட்டி எது கிடைச்சாலும் விடாமப் பார்ப்பேன்.

ரமணி சார் பம்பாயோட நிறுத்திட்டார். அவங்க மேடை வாழ்க்கை சூடு பிடிச்சது நம்ம மெட்ராஸ்ல. மவுண்ட் ரோடு சஃபையர் தியேட்டர் ஞாபகம் இருக்கறவங்க இங்க இருப்பாங்க. சஃபையர், புளூ டயமண்ட், எமரால்டுன்னு ஒரே வளாகத்துல மூணு தியேட்டர். அங்க கீழ்த்தளத்துல 'நைன் ஜெம்ஸ்'னு ஒரு நைட் கிளப் இருந்தது. 1969ல உஷா அங்க பாடினாங்க. கட்டியிருந்தது புடவை. அந்தக் காலத்துல கிளப் பாடகின்னா ஜனங்க மனசுல இருந்த உருவமே வேற, பளபளன்னு கவுன் போட்டு நிக்கிற உருவம். இவங்க நம்ம வீட்டு விசேஷத்துக்கு வந்த பொண்ணு மாதிரி நின்னு, அந்த அடிக்குரல்ல ஆங்கிலப் பாட்டு எடுத்தாங்க. கிளப் முதலாளிக்கு ரொம்பப் பிடிச்சுப்போய், இன்னும் ஒரு வாரம் இருந்து பாடுங்கன்னு கேட்டுக்கிட்டார்.

இந்த இடத்தை உங்க மகள்கிட்ட நிதானமாச் சொல்லுங்க. நைட் கிளப் பாட்டுன்னா ஏதோ ஒரு மாதிரின்னு நம்ம ஊர்ல நினைப்பு உண்டு. பாடறவங்களுக்கு அதைவிடக் கஷ்டமான பள்ளிக்கூடம் கிடையாது. எதிர்ல இருக்கறவங்க உங்களைக் கேட்க வந்தவங்க இல்ல, சாப்பிட வந்தவங்க. தட்டு சத்தம், பேச்சு சத்தம், நடுவுல சர்வர் குறுக்க போவார். அதுக்கு நடுவுல நாலு பேரை நிமிர்ந்து பார்க்க வைக்கணும். மறுநாள் அதையே புதுசாச் செய்யணும். குரல் கூட்டத்தோட சேர்ந்து கரைஞ்சு போனா அங்க வேலைக்கே ஆகாது, தனியாத் தெரிஞ்சாத்தான் பிழைப்பு. பள்ளிக்கூடத்துல எது குறைன்னு சொன்னாங்களோ, அதைக் கேட்கத்தான் இங்க ஆளுங்க வந்தாங்க. குரல் மாறல, மலர். பாடின இடம் மாறுச்சு.

அப்புறம் பம்பாய்ல 'டாக் ஆஃப் தி டவுன்', கல்கத்தா பார்க் ஸ்ட்ரீட்ல 'ட்ரிங்காஸ்'. அப்போ பார்க் ஸ்ட்ரீட் முழுக்க ரெஸ்டாரண்டுகள்ல பேண்டு வச்சுப் பாடுவாங்க, ஊரே சாயங்காலம் அங்கதான் இருக்கும். ட்ரிங்காஸ்லயும் புடவைதான். அங்கதான் ஜானி சாக்கோ உதுப்பைச் சந்திச்சாங்க, உஷா ஐயர் உஷா உதுப் ஆனது அந்தக் கல்யாணத்தால. கல்கத்தா அவங்களுக்குச் சொந்த ஊராவே ஆயிடுச்சு. நெத்தியில பெரிய பொட்டு, அதுல வங்காள 'க' எழுத்து, அதெல்லாம் அந்த ஊர் மேல உள்ள பாசம்.

சினிமா வந்ததும் கிளப் வழியாத்தான். டெல்லி ஓபராய் ஹோட்டல்ல பாடிக்கிட்டு இருந்தப்போ நடிகர் தேவ் ஆனந்தோட பட நிறுவனமான நவகேதன் குழு வந்து கேட்டுட்டு, 1971ல வந்த 'ஹரே ராமா ஹரே கிருஷ்ணா' படத்துக்குக் கூப்பிட்டாங்க. ஆர்.டி. பர்மன் இசை. 'தம் மாரோ தம்' பாட்டு முதல்ல தனக்கும் சேர்த்துத்தான் பேசியிருந்தாங்கன்னு உஷாம்மாவே சொல்லியிருக்காங்க. கடைசியில அது ஆஷா போஸ்லேக்குப் போச்சு. இவங்களுக்கு மிஞ்சினது ஆங்கில வரிகள். நாடே பாடின பாட்டு கை நழுவிப் போனதை எத்தனையோ பேட்டியில கேட்டிருக்காங்க, ஒரு இடத்துலயும் அந்த முகத்துல கசப்பை நான் பார்க்கல. எனக்கு அவங்க மேல இருக்கற மரியாதையில பாதி இதுக்காகத்தான்.

நம்ம தமிழ்ல 1975ல 'மேல்நாட்டு மருமகள்' படம், குன்னக்குடி வைத்தியநாதன் இசை. ஆங்கிலப் பாட்டு ஒண்ணைப் பாடி, திரையிலயும் அவங்களே வந்தாங்க. கென்யா போய் சுவாஹிலி மொழியில 'மலைக்கா' பாட்டைப் பாடி, அந்த நாட்டு அதிபர் ஜோமோ கென்யாட்டாகிட்ட கௌரவக் குடியுரிமை வாங்கினவங்க.

ஹிந்தியில ஊரறிஞ்ச பாட்டுல பலதும் இசையமைப்பாளர் பப்பி லாஹிரி கூட வந்தது, 1980ல இருந்து 82 வரைக்கும். கணக்குப் பார்த்துக்கோங்க, நைன் ஜெம்ஸ்ல பாடினதுக்கும் 1980ல 'ஹரி ஓம் ஹரி' வந்ததுக்கும் நடுவுல பதினோரு வருஷம். அந்தப் பதினோரு வருஷமும் சும்மா காத்திருக்கல, மேடையிலேயே இருந்தாங்க. சினிமா அவங்களுக்கு ஒரு குறிப்பிட்ட ரகப் பாட்டுதான் குடுத்தது, கிளப் காட்சி, டிஸ்கோ காட்சின்னு. கதாநாயகி உருகி அழற பாட்டுக்கு அந்தக் குரலை யாரும் நினைச்சுப் பார்க்கல. அது சினிமாவோட நஷ்டம்னு நான் இன்னைக்கும் அடிச்சுச் சொல்வேன். 1980கள்ல மேற்கு வங்க அமைச்சர் ஒருத்தர், இவங்க பாடறது பண்பாட்டைக் கெடுக்குதுன்னு அரசு அரங்கங்களைக் குடுக்க மறுத்தார். உஷாம்மா கோர்ட்டுக்குப் போய் ஜெயிச்சாங்க. 2011ல பத்மஸ்ரீ, 2024ல பத்மபூஷண்.

ஒரு விஷயம் நியாயமாச் சொல்லணும். குழுப்பாட்டுல எல்லாரும் ஒரே சுருதியில ஒரே வரியைப் பாடறப்போ கீழ்க்குரல் துருத்திக்கிட்டுத் தெரியறது இயற்கை. உங்க மகளோட ஆசிரியை காதுல விழுந்தது பொய்யில்ல. ஆனா அதுக்கு வழி பொண்ணை வெளியே அனுப்பறது இல்ல. சர்ச் கொயர்ல பாருங்க, இப்படிப்பட்ட பொண்ணுங்களுக்குன்னே ஆல்டோன்னு தனியாக் கீழ்ப்பாகம் இருக்கும். அவங்க இல்லன்னா அந்தப் பாட்டுக்கு அடித்தளமே இல்ல.

திருச்சி_மலர்:

வசந்தி அக்கா, ரமணி சார், ரொம்ப நன்றி. ராத்திரி சாப்பிடும்போது எல்லாத்தையும் சொன்னேன். ட்ரையாங்கிள் வாசிச்ச கதையைக் கேட்டதும் "அவங்களுக்குக் கோபம் வரலையா?"ன்னு கேட்டா. அப்புறம் அவளே போன்ல தேடி 'மலைக்கா' போட்டுக் கேட்டா. ரெண்டாவது தடவை போட்டப்போ கூடவே மெதுவாப் பாடினா, நான் அடுப்படியில இருந்து கேட்டுக்கிட்டு இருந்தேன்.

இப்ப ஒரு சந்தேகம். அவளுக்குப் பிடிச்ச சினிமாப் பாட்டெல்லாம் மேல போகும்போது தொண்டை இறுகுது, கத்தற மாதிரி ஆயிடுது. பழகப் பழகச் சரியாகுமா?

கீபோர்டு_கணேசன்:

பழகிச் சரி பண்ண வேண்டிய விஷயம் இல்லம்மா இது. சுருதியை இறக்கணும். கட்டைன்னா சுருதியோட உயரம். பெண்கள் வழக்கமா அஞ்சு, அஞ்சரைக் கட்டையில பாடுவாங்க. கீழ்க்குரல் உள்ள பொண்ணை அதே கட்டையில பாடச் சொன்னா பல்லவி எப்படியோ ஒப்பேத்திடும், சரணத்துல தொண்டையை நெரிச்சாத்தான் மேல எட்டும். அதைப் பயிற்சின்னு நினைச்சுத் தினம் செஞ்சா குரல்நாண் வீங்கும், முடிச்சுகூட விழும். நான் கீபோர்டு வாசிக்கற மேடைகள்ல பாடகி வந்ததும் முதல்ல கேக்கறது "உங்களுக்கு எத்தனை கட்டை?"ங்கறதுதான். அஞ்சரைக் கட்டைப் பாட்டை மூணு கட்டைக்கு இறக்கணும்னா கீபோர்டுல சுருதி மாத்தற ட்ரான்ஸ்போஸ் பட்டன்ல மைனஸ் நாலு, அதாவது நாலு அரை ஸ்வரம் கீழ, வேலை முடிஞ்சது. கேட்கறவங்க யாருக்கும் அது குறையாத் தெரியாது. கரோக்கி ஆப்லயும் சுருதி இறக்கற வசதி இருக்கு. நாலு அஞ்சுக்கு மேல இறக்கினா ட்ராக்கோட சத்தம் மங்கிப்போகும், அப்போ பாட்டையே மாத்திக்கறது நல்லது.

அவளுக்கு எது சரின்னு கண்டுபிடிக்க: காலையில எழுந்த உடனே வேண்டாம், அப்போ குரல் எல்லாருக்கும் கீழதான் இருக்கும். சாயங்காலம் பார்த்துச் சாதாரணமாப் பேசச் சொல்லி, அங்கிருந்து ஒவ்வொரு ஸ்வரமா இறங்கச் சொல்லுங்க. காத்து மட்டும் வர்ற இடத்துக்கு முன்னாடி தெளிவாக் கேட்கற கடைசி ஸ்வரத்தைக் குறிச்சுக்கோங்க. அதே மாதிரி மேல ஏறி, கழுத்து இறுகற இடத்துக்கு முந்தின ஸ்வரம். இந்த ரெண்டுக்கும் நடுவுல அடங்கற மாதிரிதான் கட்டை வைக்கணும். இந்த வயசுல பெண் பிள்ளைங்களுக்கும் குரல் கொஞ்சம் மாறும், அதனால ஆறு மாசத்துக்கு ஒரு தடவை திரும்பப் பாருங்க. குரல் கனமா இருக்கறதுக்கு டாக்டர் தேவையில்ல. கரகரப்பு வாரக்கணக்குல போகாம இருந்தா மட்டும் காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்க.

மதுரை_வசந்தி:

கணேசன் சார் சொன்னதுதான் மருந்து. கூடவே இன்னொண்ணு, மைக் பழக்கம். கீழ்க்குரலுக்கு மைக் ரொம்ப ஒத்துழைக்கும். மெதுவாப் பாடினாலே நெஞ்சுல இருந்து வர்ற அந்த கார்வை முழுசா விழும், கத்தவே வேண்டாம். உஷாம்மா மேடையில பாடற வீடியோ இருக்கும், மைக்கை எவ்வளவு பக்கத்துல வச்சிருக்காங்க, சத்தம் ஏத்தறப்போ எப்படி விலக்கறாங்கன்னு அவளைப் பார்க்கச் சொல்லுங்க. வீட்டுல சின்ன கரோக்கி மைக் ஒண்ணு இருந்தாப் போதும்.

ஆசிரியைகிட்ட சண்டைக்குப் போகாதீங்க. அடுத்த விழாவுக்குத் தனிப்பாட்டு ஒண்ணு அவ சுருதியில பாட விடுவாங்களான்னு மட்டும் கேளுங்க. சாயங்காலம் அந்த ரெண்டு ஸ்வரத்தையும் பார்த்துட்டு இங்க எழுதுங்க மலர், அதுக்கு அடங்கற பாட்டா நாலஞ்சு நான் எடுத்து வைக்கிறேன்.