கடலில் கொட்டிய குண்டுகளை அள்ளுவது யார் பொறுப்பு?

அட்டன் டீச்சர்:
உயர்தர வகுப்புக்கு அரசியல் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். போன கிழமை சர்வதேச ஒப்பந்தங்கள் பாடத்தில், இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் சுமார் 40,000 தொன் இரசாயனக் குண்டுகளை பால்டிக் கடலில் கொட்டினார்கள் என்று சொன்னேன். பின்வாங்கில் இருந்த பிள்ளை ஒருத்தி எழும்பி, "கொட்டின ஆளே அள்ளணும்னு சட்டம் இல்லையா டீச்சர்?" என்று கேட்டாள். 1972 இலண்டன் உடன்படிக்கை என்று சொல்லத் தொடங்கினேன், அப்புறம்தான் அது இனிக் கொட்டாதே என்கிறதே தவிர கிடப்பதை எடு என்று சொல்லவில்லை என்பது உறைத்தது. திங்கட்கிழமை அவளுக்குப் பதில் சொல்ல வேண்டும். இரசாயன ஆயுத ஒப்பந்தம் இதைக் கட்டாயப்படுத்தாதா?

தலவாக்கலை வாசகன்:
இல்லை டீச்சர். அந்த ஒப்பந்தம் 1997 முதல் நடைமுறையில் இருக்கிறது, ஆனால் 1985 ஜனவரி 1க்கு முன் கடலில் கொட்டியதை அறிவிப்பதும் அழிப்பதும் அந்தந்த நாட்டின் விருப்பம் என்று அதிலேயே விட்டுவிட்டார்கள். கொட்டிய ஆளைப் பிடிப்பதும் சுலபமில்லை. குண்டுகளைச் செய்தது ஜேர்மனி, கொட்டியது போரில் வென்ற நாடுகள், வலையில் மாட்டுவதோ பால்டிக் கடலில் இருக்கும் டென்மார்க்கின் போர்ன்ஹோம் தீவுப் பக்கம் மீன்பிடிக்கும் ஆட்களுக்கு. குண்டுகளில் அடைத்த மஸ்டர்ட் வாயு என்ற நச்சுப்பொருள் குளிர்ந்த தண்ணீரில் களிமண் கட்டி மாதிரி இறுகிக் கிடக்கும், தெரியாமல் தொட்டவர்களுக்குக் கை வெந்திருக்கிறது. 2010ல் லித்துவேனியா முன்னின்று ஐ.நா. பொதுச்சபையில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தது, அதுவும் தகவலைப் பகிருங்கள், விரும்பினால் ஒத்துழையுங்கள் என்ற அளவோடு சரி.

பண்டாரவளை அண்ணன்:
டீச்சர், அந்தப் பிள்ளைக்கு மிதிவெடியை வைத்து விளங்கப்படுத்துங்கள். எங்கள் சித்தப்பா குடும்பம் 1977 இனக் கலவரத்தோடு தோட்டத்தை விட்டு கிளிநொச்சிக்குப் போனவர்கள், அவருடைய மகன் பல வருசமாக மிதிவெடி அகற்றும் குழுவில் வேலை செய்கிறான். ஒரு நாள் முழுக்க முழங்காலில் இருந்து சுரண்டினாலும் சில சதுர மீற்றர்தான் நகரும் என்பான். அந்த வேலைக்கு வெளிநாட்டுக் காசு வந்தது, வெளிநாட்டு நிறுவனங்கள் வந்து பழக்கிக் கொடுத்தன. 2017 டிசம்பரில் இலங்கை, மிதிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா ஒப்பந்தத்தில் சேர்ந்தது. அதில் யார் புதைத்தது என்ற கேள்வியே இல்லை, உன் மண்ணில் இருந்தால் 10 வருசத்துக்குள் நீ எடு, முடியாவிட்டால் மற்ற நாடுகளிடம் உதவி கேள் என்று இருக்கிறது. கடலுக்கும் அப்படி ஒன்று எழுதினால்தான் வேலை நடக்கும் என்பது என் எண்ணம்.

மஸ்கெலியா தம்பி:
கிண்டாமல் விடுவதுதானே நல்லது? தூக்கும்போது வெடித்தால்?

தலவாக்கலை வாசகன்:
தம்பி, ரொம்ப நாள் எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள். இரும்பு துருப்பிடித்துக்கொண்டே இருக்கிறதே. ஜேர்மனியின் கீல் நகரத்துப் பக்கம் கடலுக்கடியில் கிடக்கும் குண்டுகளுக்குக் கிட்ட சிப்பிகளை வைத்துப் பார்த்தபோது, அதன் சதையில் டிஎன்டி வெடிமருந்து உடைந்து உண்டாகும் பொருட்கள் இருந்தன. ஜேர்மனியின் கடற்பகுதியில் மட்டும் இரசாயனக் குண்டு அல்லாத சாதாரண வெடிபொருள் 16 இலட்சம் தொன் கிடப்பதாக மதிப்பிடுகிறார்கள். அதனால்தான் 10 கோடி யூரோ ஒதுக்கி, 2024ல் லூபெக் குடாவில் பரீட்சார்த்தமாக எடுக்கத் தொடங்கினார்கள். நாம் மலையில் இருக்கிறோம், நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். 2021ல் கொழும்புக்குக் கிட்ட இரசாயனம் ஏற்றி வந்த எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்தபோது இந்தியக் கரையோரக் காவல் படை வந்துதான் நெருப்போடு போராடியது, இங்கே சந்தையில் மீன் வாங்க எத்தனை பேர் பயந்தோம்.

அட்டன் டீச்சர்:
ரொம்ப நன்றி. திங்கட்கிழமை இரசாயன ஆயுத ஒப்பந்தத்தையும் ஒட்டாவா ஒப்பந்தத்தையும் பக்கத்தில் பக்கத்தில் பலகையில் எழுதி, எதில் என்ன விடுபட்டிருக்கிறது என்று அவளையே கண்டுபிடிக்கச் சொல்லப் போகிறேன். பண்டாரவளை அண்ணே, உங்கள் தம்பி லீவில் வரும்போது ஒரு மணித்தியாலம் எங்கள் வகுப்புக்கு வந்து பேசுவாரா? கேட்டுச் சொல்லுங்கள்.