சிறிய குதிரை வேன்களின் ஆட்டம்: உங்கள் அனுபவம் என்ன?

சேணம்
எங்களுடையது 3.5 டன் வேன். இரண்டு குதிரைகள் பின்னோக்கி நிற்கும். இந்த வகை வண்டி கொஞ்சம் ஆடத்தான் செய்யும் என்பது இங்குள்ள எல்லோருக்கும் தெரியும் என்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். அண்ணன் ஓட்ட, நான் பக்கத்து இருக்கையில் இருந்தேன். ரவுண்டானாவில் வண்டி வெளிப்பக்கம் சாய்ந்தது, அது எதிர்பார்த்ததுதான். ஆனால் ரவுண்டானாவை விட்டு வெளியேறி, ஸ்டீயரிங் முழுவதும் நேரான பிறகு, வண்டி மறுபக்கம் ஒருமுறை சாய்ந்து, மீண்டும் இந்தப் பக்கம் வந்து, அதன் பிறகே நிலைகொண்டது. குதிரைகளைக் காட்டும் சிறிய திரையில் இரண்டு தலைகளும் ஒரே நேரத்தில் ஒரே பக்கம் போவதைப் பார்த்தேன். பெரியவன் தன் முன்னங்கால் ஒன்றைத் தூக்கி, எங்கே வைப்பது என்று தெரியாதவனைப் போல ஒரு கணம் அப்படியே வைத்திருந்தான். முதல் சாய்வுக்குக் காரணம் வளைவு. நேர்ச்சாலையில் வந்த அந்த இரண்டாவது சாய்வுக்கு என்ன காரணம் என்பதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.

பழைய லாயம்
எனக்கு இது நடந்தது ஒரு நீண்ட பாலத்தின் மேல், வேனில் ஒரே ஒரு குதிரை இருந்தபோது. பெரிய லாரி ஒன்று எங்களை முந்தியது. அதன் முகப்பு எங்கள் அருகில் வந்தபோது காற்று வண்டியை வெளியே தள்ளியது; அதன் உடற்பகுதி கடக்கும்போது அதே காற்று எங்களை லாரியை நோக்கி இழுத்தது. பக்கவாட்டுக் கண்ணாடி முழுவதும் அந்த லாரியின் சக்கரமே நிறைந்திருந்ததை இன்றும் மறக்க முடியவில்லை. குதிரை சாலையோரப் பக்கத்தில் நின்றிருந்தது. சாலை ஏற்கெனவே ஓரத்தை நோக்கிச் சரிந்திருக்க, அரை டன் எடையும் அதே பக்கம் இருந்தால் வண்டி எப்போதும் அந்தப் பக்கமே தொங்கும். அதன் பிறகு ஒற்றைக் குதிரையைச் சாலையின் நடுப்பகுதியை ஒட்டிய பக்கத்தில்தான் ஏற்றுகிறேன். ஸ்டீயரிங் இழுப்பது அன்றோடு நின்றது. சேணம் அவர்களே, உங்கள் வண்டியை ஆட்டியதும் குறுக்குக் காற்றாகத்தான் இருக்கும்.

எடைமேடை
ரவுண்டானாவை விட்டு வெளியேறும் இடத்தில் இரண்டு முறை மாறி மாறிச் சாய்வதற்கு அங்கே எந்தப் புயல் அடித்தது என்று பழைய லாயம் சொல்லவில்லை. இது காற்று அல்ல, எடை. என் அனுபவம் சிறியது: ஓர் ஏற்றத்தில் திரும்பும்போது ஸ்டீயரிங் திடீரென்று கையில் இலேசானது, முன்சக்கரங்கள் தரையைத் தொட்டும் தொடாமலும் போவதுபோல் இருந்தது. அவ்வளவுதான். ஆனால் அதன் பிறகு நான் தெரிந்துகொண்டதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். 3,500 கிலோ என்பது வண்டியும் சுமையும் சேர்ந்த உச்சவரம்பு. வெறும் வண்டியே 2,300 கிலோவைத் தாண்டினால், தலா 550 கிலோ எடையுள்ள இரண்டு குதிரைகளை ஏற்றியவுடன் மிஞ்சுவது நூறு கிலோகூட இல்லை. ஓட்டுநர், உடன் வருபவர், சேணங்கள், தீவனம் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். இருபது லிட்டர் தண்ணீர் கேன் ஒன்றே இருபது கிலோ. மொத்த எடை வரம்புக்குள் இருந்தாலும் பின் அச்சு வரம்பை மீறியிருக்கலாம் என்பதைப் பலர் யோசிப்பதே இல்லை. குதிரை நிற்கும்போது அதன் எடையில் ஏறத்தாழ 60 சதவீதம் முன்னங்கால்களில்தான் இறங்குகிறது. பின்னோக்கி நிற்கும் வேன்களில் அந்த முன்னங்கால்கள் வண்டியின் பின்பகுதியில், சில வேன்களில் பின் அச்சையும் தாண்டி இருக்கின்றன. அப்போது பின்பக்கம் அமுங்க, முன்பக்கம் எழும்புகிறது. ஆகவே குதிரைகளை ஏற்றிய நிலையிலேயே எடைமேடைக்குச் சென்று, முதலில் முழு வண்டியையும், பிறகு முன் சக்கரங்களை மட்டும், பிறகு பின் சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தி மூன்று சீட்டுகளை வாங்குங்கள். வண்டியின் தகட்டில் உள்ள அச்சு வரம்புகளோடு அவற்றை ஒப்பிடுங்கள். விற்பனைத் தாளில் எழுதியிருக்கும் எடையை நம்பாதீர்கள்.

சேணம்
மூன்று சீட்டுகளும் எங்களிடம் உள்ளன, எல்லாம் வரம்புக்குள்தான். காற்றும் இல்லை. முன்பு வைத்திருந்தவர் பின் அச்சில் சஸ்பென்ஷனுக்குத் துணையாக, காற்றடித்து வண்டியைத் தாங்கும் காற்றுப்பைகள் கூடுதலாகப் பொருத்தியிருக்கிறார் என்பதைத் தவிர வண்டியில் வேறு மாற்றம் எதுவும் இல்லை.

நான்குகால்
எடையையே பேசிக்கொண்டிருந்தால் குதிரையை மறந்துவிடுவோம். மேலே எழுதிய இருவருமே குதிரையை ஏதோ சிமெண்ட் மூட்டை போல நினைக்கிறார்கள். எங்கள் பெண் குதிரை இடப்பக்க வளைவுகளில் மட்டும் கால் தவறி, இரண்டு குதிரைகளின் இடங்களைப் பிரிக்கும் நடுத்தடுப்பில் உடலைச் சாய்த்து, எதிர்ச்சுவரில் குளம்புகளை உதைத்து ஏற முயல்வாள். வண்டியை நிறுத்திக் கதவைத் திறந்தபோது அவள் உடல் முழுவதும் வியர்த்து, சுவரின் ரப்பர் விரிப்பில் இடுப்பு உயரம் வரை புதிய கீறல்கள் இருந்தன. தடுப்பு தரைவரை இறங்கியிருந்ததால் கால்களை அகற்றி ஊன்ற அவளுக்கு இடமே இருக்கவில்லை. திடமான கீழ்ப்பாதியை எடுத்துவிட்டு வளையக்கூடிய ரப்பரைத் தொங்கவிட்டோம். கீறல்கள் நின்றன, வண்டி ஆடுவதும் பாதியாகக் குறைந்தது. வண்டி குதிரையை ஆட்டுகிறது என்பது பாதி உண்மைதான்.

எடைமேடை
குதிரையை நான் மூட்டை என்று சொல்லவில்லை. நகரும் எடை என்பதால்தான் வரம்பு இன்னும் முக்கியமாகிறது.

கொக்கி
என்னுடையது ட்ரெய்லர். இறக்கத்தில் அது பாம்பைப் போல நெளியத் தொடங்கியபோது, இழுக்கும் காரின் பின்பக்கமே இடமும் வலமும் போவதை இருக்கையில் உணர்ந்தேன். அப்போது பிரேக்கை அழுத்தமாக மிதிக்கக் கூடாது, எதிர்த்து ஸ்டீயரிங்கைத் திருப்பவும் கூடாது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்தபடி வேகம் தானாகக் குறையவிட வேண்டும். கொக்கியின் மேல் இறங்கும் எடை போதாமல் போனால் நெளிவு எளிதில் தொடங்கிவிடும் என்பதால்...

பழைய லாயம்
கொக்கி ஐயா, கேட்கப்பட்டது வேனைப் பற்றி. வேனில் கொக்கியே கிடையாது.

கடிவாளம்
பயிற்சி மைதானத்தின் உள்ளே, நடைவேகத்தில், வெறும் வேனின் பின்பகுதியில் குதிரை நிற்கும் இடத்தில் நானே நின்று பார்த்தேன் (பொதுச்சாலையில் யாரும் இதைச் செய்ய வேண்டாம்). கம்பி எதையும் பிடிக்கவில்லை. மெதுவான ஒரு திருப்பத்திலேயே கால்களை அகற்றி வைக்க வேண்டியிருந்தது. அதைவிட, ஓட்டியவர் திருப்பத்தின் நடுவில் பிரேக்கைத் தொட்ட கணத்தில் உடல் இரண்டு திசைகளில் இழுபட, நான் தடுப்பில் போய் மோதினேன். ஓட்டுநர் இருக்கையில் அந்தத் தொடுதலை உணரக்கூட முடியாது. பின்னோக்கி நிற்கும் குதிரைக்குப் பிரேக் பிடிக்கும்போது பின்பாகத்தைச் சாய்த்துக்கொள்ள முடிகிறது, அதனால் அது தலையை வேகமாகத் தூக்கத் தேவையில்லை. ஆனால் பக்கவாட்டு ஆட்டத்துக்கு எந்தத் திசையில் நின்றாலும் கால்களை அகற்றுவதைத் தவிர வேறு வழி இல்லை. 40 மீட்டர் ஆரமுள்ள வளைவை மணிக்கு 40 கிலோமீட்டரில் எடுத்தால், பக்கவாட்டில் தள்ளும் விசை குதிரையின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. அதே வளைவை 30 கிலோமீட்டரில் எடுத்தால் ஆறில் ஒரு பங்கைச் சற்றே தாண்டும். வேகத்தில் கால்பங்கைக் குறைத்தால் தள்ளுதல் கிட்டத்தட்ட பாதியாகிவிடுகிறது. ஆகவே பிரேக்கை வளைவுக்கு முன்பே முடித்துவிட்டு, வளைவு முடிந்து குதிரை கால்களை ஊன்றிக்கொண்ட பிறகே வேகம் கூட்டுகிறேன்.

பட்டறை
குதிரைகளைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. சஸ்பென்ஷன் வேலை செய்கிறேன். காற்றுப்பை என்று சேணம் எழுதியதை எல்லோரும் கடந்துவிட்டீர்கள். இடம், வலம் இரண்டு பைகளையும் ஒரே குழாயில் இணைத்து ஒரே வால்வில் காற்றடிக்கும்படி பொருத்தியிருந்தால், வண்டி சாயும்போது அமுங்கும் பையிலிருந்து காற்று மறுபக்கப் பைக்கு ஓடும். வண்டியைத் தாங்க வேண்டிய பக்கமே தளர்ந்துவிடும். வண்டி நிமிரும்போது அந்தக் காற்று சற்றுத் தாமதமாகத் திரும்புவதால் இரண்டாவது சாய்வு வரலாம். அதே நேரத்தில் குதிரைகளும் சாய்ந்தால் அது இன்னும் கூடும். ஒவ்வொரு பைக்கும் தனிக் குழாயும் தனி வால்வும் இருக்க வேண்டும். ஸ்டெபிலைசர் பார் (வண்டி பக்கவாட்டில் சாய்வதைக் குறைக்கும் கம்பி) இல்லையென்றால் அதையும் பொருத்துங்கள், பின் டயர்களின் காற்றழுத்தத்தையும் குளிர்ந்த நிலையில் பாருங்கள். காற்றுப்பைகள் அச்சின் எடை வரம்பை உயர்த்துவதில்லை. எடைமேடை சொன்னது அந்த அளவில் சரி.

சேணம்
வண்டிக்கு அடியில் படுத்து விளக்கடித்துப் பார்த்தேன். இரண்டு பைகளுக்கும் நடுவில் டி வடிவ இணைப்பு ஒன்று; அதிலிருந்து ஒரே குழாய், ஒரே வால்வு. அடுத்த பயணத்துக்கு முன் தனித்தனியாகப் பிரிக்கக் கொடுத்திருக்கிறோம். நான்குகால் சொன்னதுபோல் எங்கள் தடுப்பும் தரைவரை இருக்கிறது. அதையும் கூடவே மாற்றுகிறோம்.