பாலியல் சீண்டலைத் தடுக்க மாணவர்களே முன்வரும்போது அவர்களிடம் எதை ஒப்படைப்பது?

கேள்வி (மேல்நிலைப் பள்ளி ஆசிரியை):
வணக்கம். எங்கள் பதினொன்றாம் வகுப்பு மாணவர்கள் ஆறு பேர், பாலியல் சீண்டலைப் பற்றி ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் தாங்களே பேச அனுமதி கேட்கிறார்கள். ஒரு மாணவியின் படத்தை ஆபாசமாக மாற்றி வாட்ஸ்அப் குழுவில் சுற்றவிட்டபோது, அதைப் பார்த்த அத்தனை பேரில் ஒருவர்கூட வாய் திறக்காததுதான் அவர்களை உறுத்தியிருக்கிறது. அவர்களின் முனைப்பைத் தடுக்க மனமில்லை. ஆயினும் பதினாறு வயதுத் தோள்களில் இந்தச் சுமையை ஏற்றலாமா?

மறுமொழி 1:
அந்த உறுத்தலையே அடித்தளமாகக் கொள்ளுங்கள். அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் 26 உயர்நிலைப் பள்ளிகளை எடுத்துக்கொண்டு, பாதிப் பள்ளிகளில் மட்டும், வன்முறையைக் காண்பவர்கள் தலையிடப் பயிற்சி தரும் ‘கிரீன் டாட்’ என்னும் திட்டத்தை நடத்தி ஒப்பிட்டார்கள். மூன்றாம், நான்காம் ஆண்டுகளில் அப்பள்ளிகளில் பாலியல் வன்முறை குறைந்திருந்தது. ஆகவே ஒரு நாள் விழிப்புணர்வு விழாவோடு இதை முடித்துவிடாதீர்கள். அங்கே பயிற்சிக்கு எடுக்கப்பட்டவர்கள் சக மாணவர்கள் யார் பேச்சைக் கேட்பார்களோ அவர்கள். நம் வழக்கப்படி முதல் மதிப்பெண் எடுப்பவர்களை மட்டும் சேர்த்தால் கடைசி பெஞ்சு அசையாது. நேரடியாகத் தடுப்பது, பிறர் உதவியை நாடுவது, கவனத்தைத் திருப்புவது என்ற மூன்று வழிகளே பயிற்சியின் மையம். மாடிப்படியில் ஒரு பெண்ணை மறித்து நிற்பவனிடம் “டேய், பி.டி. சார் உன்னைக் கூப்பிடுகிறார்” என்று சொல்வதுகூடப் போதும், அதற்குள் அவள் நகர்ந்துவிடலாம்.

மறுமொழி 2 (கல்லூரி மாணவி):
பள்ளியில் நானும் இத்தகைய குழுவில் இருந்தேன். ஒரு தோழி தன் உறவினர் ஒருவரைப் பற்றிச் சொல்லிவிட்டு, “யாரிடமும் சொல்லாதே” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். நானும் சத்தியம் செய்தேன். இரண்டு மாதம் அதைச் சுமந்தேன். அந்த இரண்டு மாதமும் அவள் அதே வீட்டில்தான் இருந்தாள். அப்படிச் சத்தியம் செய்யக் கூடாது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

மறுமொழி 3 (குழந்தைகள் பாதுகாப்புப் பணியாளர்):
தங்கையின் அனுபவம் மிக முக்கியமானது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, பதினெட்டு வயதுக்குட்பட்டவருக்கு எதிரான பாலியல் குற்றத்தை அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும்; தவறினால் தண்டனை உண்டு. ஆனால் தெரிவிக்கத் தவறிய குழந்தைக்கு அந்தத் தண்டனை இல்லை. எனவே புகாரை விசாரிப்பதும் இரகசியம் காப்பதும் மாணவர்களின் வேலையல்ல. “நீ சொன்னதை நம்புகிறேன், நாம் இருவரும் சேர்ந்து ஒரு பெரியவரிடம் சொல்வோம்” என்னும் வாக்கியத்தை அவர்கள் பலமுறை சொல்லிப் பழகட்டும். 1098 (குழந்தைகள் உதவி எண்), 14417 (தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறை) ஆகிய உதவி எண்களையும் எல்லா வகுப்பறைகளிலும் எழுதி வையுங்கள்.

ஆசிரியை:
நன்றி. யாரிடம் சொல்வார்கள் என்று அந்த ஆறு பேரையே கேட்டேன். நால்வர் சொன்ன பெயர் ஆசிரியருடையது அல்ல. எங்கள் சத்துணவுக்கூட அம்மாவுடையது. வரும் வாரம் அவரையும் பயிற்சியில் உட்கார வைக்கிறேன்.