டீசல் எஸ்டேட் போய் எம்ஜி5 எலக்ட்ரிக் வந்துருச்சு, கம்பெனி கார் வச்சிருக்கறவங்க கொஞ்சம் சொல்லுங்க

நடுலேன்காரன்

எல்லாருக்கும் வணக்கம், யூகேல கம்பெனி கார் ஓட்டறவங்க யாராச்சும் இருந்தா வாங்க. நான் லேப் மெஷின் சர்வீஸ் இன்ஜினியர், வீடு லண்டன் பக்கத்துல ஸ்லவ்ல, வாரத்துல பாதி நாள் ரோட்டுலதான் பொழப்பு. இவ்ளோ வருஷமா ஸ்கோடா ஆக்டேவியா டீசல் எஸ்டேட் வச்சிருந்தேன், டேங்க் ரொப்பினா ஸ்காட்லாந்து வரைக்கும் யோசிக்காம போகலாம். லீஸ் முடிஞ்சுது, ஃப்ளீட் மேனேஜர் கூப்பிட்டு இனிமே டீசல் கிடையாதுப்பா, வேலைய விட்டு போனவர் ஒருத்தரோட எம்ஜி5 நிக்குது, 73 பிளேட் (2023 செப்டம்பர்ல இருந்து 2024 பிப்ரவரிக்குள்ள பதிவானது), லீஸ் இன்னும் பாக்கி இருக்கு, நீ எடுத்துக்கோன்னு சாவிய கைல குடுத்துட்டாரு. எனக்கு சாய்ஸே குடுக்கல, அத விடுங்க.

கார் ஓட்ட நல்லாத்தான் இருக்கு, சத்தமே இல்ல, சிக்னல்ல பச்சை விழுந்தா பாயுது. ஆனா பல விஷயம் புரியல. மான்செஸ்டர்ல ஒரு கஸ்டமர், இங்கருந்து 190 மைலுக்கு மேல, காலைல 10 மணிக்கு அங்க நிக்கணும், பிரோஷர்ல 250 மைல்னு போட்டுருக்கான், ஜனவரி குளிர்ல அது எவ்ளோன்னு யாராச்சும் உண்மைய சொல்லுங்க. வாடகை வீடு, முன்னாடி கார் நிறுத்த இடம் இருக்கு ஆனா சார்ஜர் இல்ல, இப்போதைக்கு ஜன்னல் வழியா மூணு பின் கேபிள் விட்டு ஓட்டிட்டு இருக்கேன். டேக்ஸ் எவ்ளோ பிடிப்பான், கரண்ட் காசு எப்படி கிளெய்ம் பண்றதுன்னு ஹெச்ஆர்ல கேட்டா அவங்களுக்கே தெரியல. இது போக ஆக்சிலரேட்டர்ல இருந்து கால எடுத்தாலே வண்டி இழுத்து பிடிக்குதா, வீட்டம்மா ரெண்டு ரவுண்டபவுட்லயே பிளாஸ்டிக் பை கேட்டுட்டாங்க 🙂

லெஸ்ரர்அண்ணை

தம்பி, நான் உதே காரைத்தான் ரெண்டு வருசத்துக்கு மேல ஓடுறன், என்ரயும் கொம்பனி கார்தான். முதல்ல உந்த 250 மைல் கதையை மறந்துடும். பற்றரி 61 யுனிட் எண்டு போட்டிருக்கு, அதில நீர் பாவிக்கக் கூடியது கொஞ்சம் குறைவு. கோடை காலத்தில ஊருக்குள்ள ஓடினா ஒரு யுனிட்டுக்கு 4 மைலுக்கு மேலயும் வரும், ஜனவரியில மோட்டர்வேயில 70ல ஹீற்றரும் போட்டு ஓடினா 3 மைல் வந்தாலே சந்தோசம். அப்ப 170 மைல் எண்டு வைச்சுக்கொள்ளும், மழையும் எதிர்க்காத்தும் எண்டா அதுக்கும் குறையும். 70ஐ 63, 65 ஆக்கிப் பாரும், லொறிக்குப் பின்னால போற மாதிரி இருக்கும் ஆனா வித்தியாசம் நல்லாத் தெரியும்.

மன்செஸ்ரர் ஒரே இழுவையில போக வெளிக்கிடாதையும். வெளிக்கிடேக்க வீட்டில நூறு வீதம் ஏத்திப் போட்டு, எம்40, எம்42 மோட்டர்வேயில போய் எம்6 பிடிச்சா பேமிங்ஹாம் தாண்டி ஹில்டன் பார்க், ஸ்டஃபோர்ட், கீல் எண்டு சேர்விசஸ், அதான் சார்ஜரோட நிண்டு ஆறுற இடங்கள், வரிசையா வரும். முதலாவதை இலக்கா வையும், மற்ற ரெண்டையும் கைகாவலுக்கு வையும். ஒரு சார்ஜரை மட்டும் நம்பிப் போறதுதான் புதுசா வாற ஆக்கள் விடுற பிழை. ஸாப்மாப் எண்ட சார்ஜர் தேடுற ஆப்பில பாத்தா எது வேலை செய்யுது எது இல்லை எண்டு தெரியும். கார் உச்சமா 87 கிலோவாட்தான் இழுக்கும், அதுவும் பற்றரி குளிர்ந்து போய்க் கிடந்தா இன்னும் மெதுவா ஏறும், அதால வெளிக்கிட்ட உடன ஏத்தாமல் நல்லா ஓடி 20 வீதத்துக்குக் கிட்ட வந்தாப் பிறகு சார்ஜரைக் குத்தும், அப்பதான் கெதியா ஏறும். 80 வீதத்தில கழட்டிக்கொண்டு போம். அதுக்கு மேல ஏத்திறது சொட்டுச் சொட்டா வரும், பின்னால நிக்கிறவனும் முறைப்பான்.

இன்னொண்டு, சார்ஜ் போடுற வாய் மூக்கில இருக்கு, அதால எப்பவும் மூக்கை உள்ளுக்கு விட்டு நிப்பாட்டும். ரிவர்ஸ்ல விட்டுப் பழகின ஆளெண்டா வயர் எட்டாமல் திரும்பவும் வெளிய எடுக்க வேண்டி வரும்.

உங்கட வீட்டம்மான்ர பிரச்சினைக்கு: பிரேக்கில கரண்ட் திருப்பி எடுக்கிறது மூண்டு லெவல் இருக்கு, அதை முதலாவதில வையும், சாதாரண கார் மாதிரி உருளும். மோட்டர்வேயிலயும் அதுதான் நல்லது. ஊருக்குள்ள தனிய ஓடேக்க மூண்டாவதுக்கு மாத்தும். காலைச் சடாரெண்டு எடுக்காமல் மெல்ல மெல்ல எடுக்கப் பழகினா லெவலே தேவையில்லை, ஆனா அதுக்குக் கொஞ்ச நாள் செல்லும். லேனை விட்டு விலகாமல் பாக்கிற லேன் அசிஸ்ட் ஸ்டியறிங்கைப் பிடிச்சு இழுக்கிறது பற்றி நீர் இன்னும் கேக்கேல்லை, கேப்பீர். இப்ப வாற புதுக் கார் அநேகமா எல்லாத்திலயும் உந்தக் கரைச்சல் இருக்கு, மெனுவில எங்க நிப்பாட்டிறது எண்டு நிக்கேக்கயே பாத்து வையும்.

கணக்குப்பிள்ளை

டேக்ஸ் நான் சொல்றேன், பேரோல்லதான் வேலை. பெனிஃபிட் இன் கைண்ட், அதாவது கம்பெனி கார் விலைல இத்தன சதவீதம் உங்க வருமானம்னு வச்சு டேக்ஸ் போடறது, எலக்ட்ரிக்குக்கு 2025-26ல 3 சதவீதம், 2026-27ல 4, அதுக்கடுத்த வருஷம் 5, அப்புறம் 7, 9னு ஏறும். இதுல நிறைய பேருக்கு தெரியாத ஒண்ணு, கார் பழசா இருந்தாலும் கணக்கு போடறது புதுசா இருந்தப்போ இருந்த லிஸ்ட் விலைக்குதான், இன்னைக்கு மார்க்கெட்ல என்ன விலை போகும்ங்கறது கணக்குலயே வராது. லிஸ்ட் விலை 31,000 பவுண்ட்னு வச்சுக்கங்க, அதுல 4 சதவீதம் 1,240, நீங்க 20 சதவீத ஸ்லாபா இருந்தா வருஷத்துக்கு 248 பவுண்ட், 40ல இருந்தா 496. அதே விலைல சுமார் 30 சதவீதத்துல விழற ஒரு டீசலுக்கு 1,860, இல்லன்னா 3,720. சாய்ஸ் குடுக்கலன்னு சொன்னீங்களே, மாசா மாசம் பேஸ்லிப்ப பாத்துட்டு அப்புறம் சொல்லுங்க 😄

ஹெச்ஆர்ல பி46 கார் ஃபார்ம், அதாவது கம்பெனி கார் விவரத்த வரித்துறைக்கு சொல்ற ஃபார்ம், அனுப்பிட்டாங்களான்னு முதல்ல கேளுங்க. அது போனாதான் உங்க டேக்ஸ் கோட் மாறும், இல்லன்னா பழைய டீசலுக்கே பிடிச்சிட்டு இருப்பான், ரீஃபண்ட் வரும்தான் ஆனா அது வரைக்கும் யாரு காசு?

கரண்ட் கிளெய்ம்: ஹெச்எம்ஆர்சி (யூகே வரித்துறை) ஒரு மைலுக்கு இவ்ளோன்னு அட்வைசரி ரேட் வச்சிருக்கு, முன்னாடி எல்லாத்துக்கும் ஒரே ரேட், 2025 செப்டம்பர்ல வீட்டு சார்ஜிங் 8 பென்ஸ், பொது சார்ஜர் 14 பென்ஸ்னு பிரிச்சாங்க. மூணு மாசத்துக்கு ஒரு தடவ மாத்துவாங்க, அதனால பாத்துட்டு போடுங்க. வெளில ரேபிட் சார்ஜர்ல போட்டு அந்த ரேட்டுக்கு மேல ஆகுதுன்னா உண்மையான செலவு அதுதான்னு காட்ட முடிஞ்சா கம்பெனி கூடுதலா குடுக்கலாம், அதுக்கும் டேக்ஸ் கிடையாது, அதனால ரசீது ஒவ்வொண்ணையும் ஃபோட்டோ எடுத்து வைங்க. கம்பெனியே சார்ஜிங் கார்டு குடுத்தா இன்னும் நிம்மதி. டீசலுக்கு ஃப்யூல் கார்டுல சொந்த வேலைக்கும் போட்டா ஃப்யூல் பெனிஃபிட்னு தனியா பெருசா ஒரு டேக்ஸ் வரும்ல, கரண்ட்ட ஃப்யூல்னு அவங்க கணக்குலயே எடுக்கறதில்ல, அந்த தொல்லையே இல்ல. ஆபீஸ் பார்க்கிங்ல சார்ஜர் இருக்கா? இருந்தா ஆபீஸ் போற அன்னிக்கெல்லாம் கூச்சப்படாம குத்துங்க.

டீசல்தான்யா

எல்லாம் சரி, ஆனா வீட்டுல சார்ஜர் இல்லாதவனுக்கு யாரும் உண்மைய சொல்ல மாட்டேங்கறீங்க. வீட்டு கரண்டுக்கு வாட் வரி 5 சதவீதம், வெளில போட்டா 20 சதவீதம், அதே கரண்ட்தானய்யா? மோட்டார்வேல யூனிட் 80 பென்ஸ் கிட்ட வாங்கறான், 3 மைல்னு பாத்தா மைலுக்கு 26, 27 பென்ஸ். டீசல் லிட்டர் 1.40னு வச்சு 50 மைல் பர் கேலன் குடுத்தா மைலுக்கு 13 பென்ஸ் கூட வரல. இதுல மலிவு எங்க இருக்கு? 2028 ஏப்ரல்ல இருந்து எலக்ட்ரிக்குக்கு மைலுக்கு 3 பென்ஸ்னு வேற பட்ஜெட்ல அறிவிச்சிட்டாங்க, ரோடு டேக்ஸும் 2025 ஏப்ரல்ல வந்துருச்சு, லண்டன் நடுவுல வண்டி போனா கட்டற கன்ஜெஷன் சார்ஜுக்கு இருந்த முழு விலக்கும் அந்த டிசம்பரோட போச்சு. போன கிறிஸ்துமஸுக்கு எங்க மச்சான் ஒரு சர்வீஸ்ல சார்ஜருக்கு வரிசைல நின்னு, குழந்தைங்க அழுது, வடக்க ஒரு விருந்துக்கு போனவன் சாப்பாடு முடிஞ்சு பாத்திரம் கழுவற நேரத்துக்கு போய் சேர்ந்தான்.

ஆமா ஆக்டேவியால டிக்கி 640 லிட்டர், இதுல 479தான். உங்க டூல் பாக்ஸ் எல்லாம் உள்ள போச்சா?

லெஸ்ரர்அண்ணை

டீசல்தான்யா சொல்லுற கணக்கு பிழையில்லை, நான் மறுக்கேல்லை. ஆனா அது முழுக்க வெளியால ஏத்திற ஆளின்ர கணக்கு. எனக்கு வீட்டில இரவு ரேற் 8 பென்ஸ் மாதிரி வருது, மைலுக்கு மூண்டு பென்ஸும் இல்லை, கிறிஸ்மஸ் லைன் எனக்கு வருசத்தில ஒருக்கா. அப்ப தம்பி, உம்மட கேள்விக்கெல்லாம் ஒரே மறுமொழிதான்: வீட்டில 7 கிலோவாட் சார்ஜர் பூட்டும். காரைப் பழகிறது பெரிய வேலையில்லை, சார்ஜர் இல்லாட்டி உம்மட வாழ்க்கையே சார்ஜர் தேடுறதாப் போயிடும். இப்ப வைச்சிருக்கிற மூண்டு பின்னில 2.3 கிலோவாட்தான் வரும், இரவு பத்து மணித்தியாலம் போட்டாலும் 70 மைல் கிடைச்சாக் காணும். 7 கிலோவாட் எண்டா மலிவு நேரம் ஆறு மணித்தியாலத்துக்குள்ளயே 120 மைலுக்கு மேல ஏறிடும்.

வாடகைக்கு இருக்கிற ஆக்களுக்கும், பிளாட் சொந்தமா வைச்சிருக்கிற ஆக்களுக்கும் அரசாங்கம் சார்ஜர் பூட்ட மானியம் குடுக்குது, கார் நிப்பாட்ட சொந்த இடம் இருக்க வேணும், அது உமக்கு இருக்குதானே. வீட்டுக்காரனிட்டக் கேளும், ஓமெண்டு எழுத்தில வாங்கும். கொம்பனியிட்டயும் கேளும், சிலது மிச்சக் காசைக் கட்டும். அதுவரைக்கும் மூண்டு பின் வயரை எக்ஸ்ரென்சன் றீலில மட்டும் குத்திப் போடாதையும், இரவிரவா 10 அம்ப் இழுக்கேக்க சுத்தி வைச்ச வயர் உருகும்.

நடுலேன்காரன்

நன்றிங்க எல்லாருக்கும், இவ்ளோ பதில் வரும்னு நினைக்கல. பி46 அனுப்பலையாம், கேட்டதுக்கப்புறம்தான் ஹெச்ஆர் அம்மா தேட ஆரம்பிச்சாங்க, கணக்குப்பிள்ளை சார் கோடி புண்ணியம். வீட்டு ஓனர்கிட்ட பேசினேன், சுவத்துல ஓட்டை போடறதுதான் அவருக்கு கவலை, மானியம் இருக்குன்னதும் கொஞ்சம் இறங்கி வந்திருக்காரு, எழுத்துல குடுக்கறேன்னு சொல்லியிருக்காரு.

டிக்கி பத்தி கேட்ட டீசல்தான்யாவுக்கு: போகல. பின் சீட்ல ஒரு பக்கத்த மடிச்சுட்டுதான் கேலிப்ரேஷன் கிட் பெட்டிய வைக்கறேன், முழுசா மடிச்சா 1,367 லிட்டர் வருது, தனியா போறப்போ அது போதும். குடும்பத்தோட போற அன்னிக்கு அந்த பெட்டிய கராஜ்ல இறக்கணும், அது கொஞ்சம் எரிச்சல்தான். ஆனா போன ஞாயித்துக்கிழமை வெம்ப்ளி ஈலிங் ரோடு போய் 20 கிலோ அரிசி மூட்ட, தேங்கா, ஒரு மாசத்துக்கு காய்கறின்னு அள்ளிட்டு வந்தேன், அதுக்கெல்லாம் தாராளமா இடம் இருக்கு.

ரெண்டு கேள்வி இன்னும் இருக்கு. மோட்டார்வேல ஒவ்வொரு சார்ஜருக்கும் ஒரு ஆப் போடணுமா? அப்புறம் இந்த கார்ல இருந்து வெளில கரண்ட் எடுக்கலாம்னு மேனுவல்ல போட்டிருக்கு, யாராச்சும் பண்ணியிருக்கீங்களா?

ஒஸ்லோக்குளிர்

நோர்வேயிலயிருந்து வாசிச்சுக்கொண்டிருக்கிறன், சிரிப்பா இருக்கு. இஞ்ச 2024ல வித்த புதுக் கார்களில நூற்றுக்கு 89 கிட்ட முழு எலெக்ரிக்தான், மைனஸ் 15இலயும் சனம் வேலைக்குப் போய் வருகுது. ஒரு பழக்கம் மட்டும் சொல்லுறன். வெளிக்கிட அரை மணித்தியாலத்துக்கு முதல், வயர் குத்தியிருக்கேக்கயே ஆப்பில காரைச் சூடாக்கும். அப்ப ஹீற்றர் சுவர்க் கரண்டில ஓடும், பற்றரியில கை வைக்காது, கண்ணாடியில ஐஸ் சுரண்டிற வேலையும் மிச்சம். பிறகு ஓடேக்க சீற் ஹீற்றரும் ஸ்டியறிங் ஹீற்றரும் இருந்தா அதுகளைப் போட்டு, காத்துச் சூட்டைக் குறைச்சு விடும். எங்கட அம்மா மட்டும்தான் சூடு காணாது எண்டு கத்துவா, அதுக்கு மருந்தில்லை.

கணக்குப்பிள்ளை

ஆப் தேவையில்ல, 50 கிலோவாட்டும் அதுக்கு மேலயும் இருக்கற பொது சார்ஜர் எல்லாத்துலயும் கான்டாக்ட்லெஸ் இருக்கணும்னு 2024 நவம்பர்ல இருந்து சட்டம், கார்ட காட்டினா போதும். ஆனா ஒரு விஷயம், கார்டுல தட்டினா ரசீது ஈமெயிலுக்கு தானா வராது, அந்த வெப்சைட்ல போய் எடுக்கணும். கிளெய்ம் பண்றவங்க அடிக்கடி போற நெட்வொர்க் ஆப் மட்டும் ரெண்டு போட்டு வைங்க, மாச பில் மொத்தமா வந்துரும்.

லெஸ்ரர்அண்ணை

கரண்ட் எடுக்கலாம் தம்பி, ஆனா அதுக்கெண்டு தனியா ஒரு வயர் வாங்கோணும், காரோட வாற வயரில ஏலாது. சார்ஜ் வாயில குத்தினா மற்றப் பக்கம் மூண்டு பின் சொக்கெற். 2.2 கிலோவாட் மட்டும் எடுக்கலாம், கேத்தில் சிலது 3 கிலோவாட், அது ஒத்துக்கொள்ளாது. நாங்கள் கோடையில பார்க்குக்குப் போகேக்க ரைஸ் குக்கரைக் குத்திச் சோறு போடுறம், ஒரு சட்டி சோத்துக்கு ஒரு யுனிட்டும் முடியாது. எவ்வளவு மிச்சம் இருக்கேக்க நிப்பாட்ட வேணும் எண்டு மெனுவில முதல்லயே போட்டு வையும், திரும்பி வீட்டை வர வேணுமெல்லோ. மன்செஸ்ரர் போயிட்டு வந்து எத்தினை வீதம் மிஞ்சினது எண்டு இதில போட்டு விடும்.