தையல் மெஷின்: டீலரிடமா, தள்ளுபடிக் கடையிலா?

வணக்கம். ஜிக்ஜாக் (வளைந்து வளைந்து போகும் தையல்), காஜா (பட்டன் துளை) வசதியுள்ள வீட்டுத் தையல் மெஷின் வாங்கப் போகிறேன். அதே மாடல் தள்ளுபடிக் கடையில் நன்றாகவே விலை குறைவு. ஆனால் அங்கே பெட்டியைத் தருவார்கள், அவ்வளவுதான். டீலரோ என் துணியையே கொண்டுவந்து தைத்துப் பார்க்கச் சொல்கிறார். எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. ஜீன்ஸ் மடிப்பில் நாலு அடுக்கு ஏறுமா, மெல்லிய துணியைச் சுருக்காமல் தைக்குமா என்பதெல்லாம் தைத்தால்தானே தெரியும்!

நூல் டென்ஷனை, அதாவது நூலின் இறுக்கத்தை, நாமே சரிசெய்யலாம். ஆனால் ஊசியும் அடியிலுள்ள கொக்கியும் சந்திக்கும் டைமிங் விலகினால் மெக்கானிக்தான் வேண்டும். வேறிடத்தில் வாங்கிய மெஷினை டீலர்கள் சர்வீசுக்கு எடுக்கிறார்களா? தள்ளுபடியில் வாங்கியவர்கள், வாரண்டிக் காலத்தில் பழுதானால் எங்கே கொண்டுபோனீர்கள்? அப்புறம், டீலரிடம் விலை பேசிக் குறைக்க முடியுமா? அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.