ஓவியர் வான்காவோட லெட்டர், அவர் இருந்த இடம்... நேர்ல பாத்தவங்க அனுபவம் சொல்லுங்க

மைக்கூடு:
பாரிஸ் பக்கத்துல வான்கா கடைசியா இருந்த ஓவேர் கிராமத்துக்குப் போயிட்டு வந்து நாலு மாசம் ஆச்சு, அந்த ரூம் இன்னும் மண்டைய விட்டுப் போகல. ராவூ விடுதி, மாடில அஞ்சாம் நம்பர், கடைசி 70 நாள் இருந்தது, 1890 ஜூலை 29 உயிர் போனது எல்லாம் அங்கதான், உங்களுக்கே தெரியும். மொத்தமே 7 சதுர மீட்டர், கூரைல ஒரு சின்ன ஜன்னல், அவ்ளோதான். அழுகை வரும்னு நெனச்சுப் போனேன், வரல. கீழ இப்பவும் ஓட்டல் நடக்குது, தட்டு ஸ்பூன் சத்தம் மேல வந்துச்சு பாருங்க, அப்பதான் சுருக்குனு ஆச்சு. அந்த ஜூன்ல தம்பி தியோவுக்கு எழுதுறாரு, என்னைக்காவது ஒரு நாள் ஏதாவது காபிக்கடைல என் படங்கள மட்டும் வெச்சு ஒரு கண்காட்சி போட வழி பண்ணிடுவேன்னு. அடுத்த மாசம் ஆளே இல்ல. இறுதிச்சடங்குக்கு வந்த ஓவிய நண்பர் எமில் பெர்னார்ட் எழுதின லெட்டர படிச்சிருப்பீங்க, சவப்பெட்டி வெச்ச ரூம் சுவரெல்லாம் கடைசிப் படங்கள், சுத்தி மஞ்சப் பூ. அதே கட்டடம், கீழ் தளம். காபிக்கடைல கண்காட்சி போட்டாச்சு.

வெறுங்கோடு:
பெர்னார்ட ரொம்ப நம்பாதீங்க. பெட்டி மூடினப்புறம்தான் வந்து சேந்தேன்னு அவரே எழுதியிருக்காரு. நான் அமெரிக்காவுல கிளீவ்லாண்ட் மியூசியத்துல, வான்கா வரைஞ்ச விடுதிக்காரர் பொண்ணு அடலின் படம் பாத்தேன், நீல டிரெஸ். வரைஞ்சப்ப அவளுக்கு 13 வயசு தான், படத்துல பாத்தா முப்பது சொல்லலாம். அவளுக்கே படம் அவ்வளவா பிடிக்கலையாம், 1950கள்ல சொல்லியிருக்காங்க. ஆனா மனுஷன பத்தி நல்லாதான் சொன்னாங்க. தெற்கு பிரான்ஸ்ல அவர் முன்னாடி இருந்த ஆர்ல் ஊர்ல அவர பாத்தேன்னு சொன்ன ஜான் கல்மோன் பாட்டி (122 வயசு இருந்தவங்க) அழுக்கு, சிடுமூஞ்சின்னு சொன்னாங்க. அத்தன வருஷம் கழிச்சு சொல்ற ஞாபகத்துல எத எடுக்கறது?

மைக்கூடு:
பெட்டி மூடினதுக்கும் சுவத்துல படம் தொங்கினதுக்கும் என்ன சம்பந்தம்? சுவத்தயுமா மூடிட்டாங்க?

தபால்பெட்டி:
ரெண்டு பேரும் சண்டைய விட்டுட்டு லெட்டர நேரா படிங்க. நான் ஆம்ஸ்டர்டாம்ல ஒரே ஒரு லெட்டர் பாத்தேன், மை பழுப்பாயி பின்பக்க எழுத்து முன்னாடி தெரிஞ்சுது, நடுவுல குட்டியா ஒரு ஸ்கெட்ச், அவ்ளோதான் என் கதை. நெட்ல எல்லாமே இலவசமா இருக்கு, 902 லெட்டர், அவர் எழுதினது 819, அவருக்கு வந்தது 83தான். ஏன்னா தியோ எடுத்து வெச்சான், இவரு வெக்கல. மொதல்லருந்து ஆரம்பிக்காதீங்க, போரடிச்சு விட்டுடுவீங்க, 1888 ஆர்ல்லருந்து ஆரம்பிங்க, அக்டோபர்ல படுக்கையறை ஸ்கெட்ச் வர்ற லெட்டர ஸ்கேனோட பாருங்க, அப்புறம் பின்னாடி போங்க. தியோ பொண்டாட்டி ஜோவ மறந்துடாதீங்க, புருஷன் போனப்ப கைல ஒரு வயசு கூட நிரம்பாத பிள்ள, அந்தம்மா உக்காந்து அடுக்கி 1914ல புத்தகமா போடலன்னா நாம எத படிச்சிருப்போம்.

ஒத்தப்பனை:
தம்பி தான் அண்ணனுக்கு பணம் அனுப்பினான்ங்கறது எனக்கு லேட்டா தான் தெரியும். எத்தனையோ லெட்டர் ஆரம்பமே, கடிதத்துக்கும் அதுல வெச்ச 50 பிராங்க் நோட்டுக்கும் நன்றின்னுதான். எனக்கு வேல போயி ரெண்டு வருஷம் என் தம்பி அனுப்பினான். நேத்து போன்ல பழைய சாட் மெசேஜ மேல தள்ளித் தள்ளி பாத்தேன். அவன் பத்தி பத்தியா எழுதியிருக்கான், வீடு, பிள்ளைங்க, முதுகுவலி. என் பக்கம் ‘வந்துருச்சு’, ‘ஓகே’, ‘வந்துருச்சு’.